குடும்பப் பெயர் என்ற கட்டம்

முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டேன்.
குடும்பப் பெயர் என்று கேட்கிறது.
எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது.
வேதாளையில் ஒவ்வொரு வீட்டுக்கும் பட்டப்பெயர் உண்டு,
விண்ணப்பத்தில் எழுதுகிற மாதிரி ஒன்றுகூட இல்லை.
பாஸ்போர்ட்டில் இருப்பதையே போடுங்க என்றான்
மண்டபத்து பிரௌசிங் சென்டர் பையன்.
பாஸ்போர்ட்டில் வாப்பா பெயர் இருந்தது,
சீனி இபுறாம்சா.
அதற்குக் கீழே, கொடுத்த பெயர் என்று, ரம்ஸியா.

சிங்தாவ் என்று ஓர் ஊர்.
அங்கேயும் கடற்கரைதான்.
இங்கே கையில் எடுத்தால் வழக்காகிற அட்டையை
அங்கே குளம் கட்டி, தீனி போட்டு வளர்க்கிறார்கள்.
அதற்கு ஒரு முதுகலைப் படிப்பு,
படிக்க வருகிற வெளிநாட்டுக்காரருக்கு உதவித்தொகை,
தங்க அறை.

நெஞ்சுப் படம் எடுத்தது ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்.
மூச்சை இழுத்துப் பிடி என்றவர்
விடச் சொல்ல மறந்து போனில் பேசப் போய்விட்டார்.
டாக்டர் முத்திரை
பாதி என் போட்டோ மேலும் பாதி தாள் மேலும் விழ வேண்டுமாம்.
மூன்று தடவையும் மூக்கின் மேல் விழுந்தது.

பிறகு, குற்றம் ஏதும் இல்லை என்ற சான்று.
ஏட்டையா பைக்கை வாசலில் நிறுத்தி
தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.
"அட, அட்டை கேஸ் இபுறாம்சா மகளா?"
தண்ணீர் வாங்கிக் குடித்தார்.
"உன் மேல ஒண்ணும் இல்லம்மா."
என் மேல் ஒன்றும் இல்லைதான்.
பத்தாம் வகுப்புப் பரீட்சை மாதத்தில்
கதவைச் சாத்தி அண்டாவில் அட்டை வேகவைத்த இரவுகளின் வாடை
உயிரியல் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது.
அதற்கு யாரும் சான்று கேட்கவில்லை.

ஆர்வம் எங்கே தொடங்கியது, எண்ணூறு வார்த்தைக்குள்.
நாலு முறை எழுதி நாலு முறை அழித்தேன்.
ஐந்தாவதில் தூத்துக்குடிக் கல்லூரி ஆய்வுக்கூடம் என்று எழுதினேன்.
பொய் இல்லை.
தொடக்கமும் இல்லை.

நேர்முகம் அவர்களுக்குக் காலை பத்து, எனக்கு ஏழரை.
சிக்னல் மொட்டை மாடியில்தான் கிடைக்கும்.
கச்சான் காற்று முக்காட்டைப் பிடுங்க
ஒரு கையால் தலையையும் ஒரு கையால் போனையும் பிடித்திருந்தேன்.
பேராசிரியையின் முகம் உறைந்து உறைந்து நகர்ந்தது.
"வெள்ளை அட்டையை உயிரோடு பார்த்திருக்கிறாயா?"
பார்த்திருக்கிறேன்.
வனத்துறை அலுவலகத்துச் சிமெண்டுத் தரையில்.
பதினொரு கேனைக் கவிழ்த்து எண்ணிக்கொண்டிருந்தார்கள்,
சில இன்னும் சுருங்கி விரிந்துகொண்டிருந்தன.
பக்கத்தில் வாப்பா, சட்டையில்லாமல், குந்தியபடி.
"எத்தனை மீட்டர் ஆழத்தில்?"
ஆழமில்லாத இடத்தில் என்றேன்.
குறித்துக்கொண்டார்.
கடைசியாக, உன் குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம் என்றார்.
சீனி என்றால் சர்க்கரை என்றேன்.
உங்கள் நாட்டுப் பெயரால்தான் சர்க்கரைக்கு அந்தப் பெயர்
என்று சொல்ல வாயெடுத்தேன்,
இணைப்பு அறுந்துவிட்டது.

வாப்பாவின் பாஸ்போர்ட் கோர்ட்டில் கிடக்கிறது,
ஜாமீனுக்கு வாங்கி வைத்தது.
ஏழு வருடமாக மாதம் ஒரு தடவை ராமநாதபுரம்,
முன்வரிசைப் பெஞ்சு, மத்தியானம் பரோட்டா,
அடுத்த வாய்தா.

ஜூன் கடைசியில் கடிதம் வந்தது.
அன்புள்ள சீனி இபுறாம்சா என்று தொடங்கியது.
எனக்கே ஒரு நொடி பிடித்தது அது நான் என்று விளங்க.
வாப்பா அப்போதுதான் வாய்தா முடிந்து வந்து
சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.
போனை நீட்டினேன்.
இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்தது தன் பெயர் ஒன்றுதான்,
கேஸ் கட்டில் பார்த்துப் பழகியது.
விரல் வைத்துக் கண்டுபிடித்தார்.
முகம் இறுகியது.
"எந்தத் தேதிக்கு வரச் சொல்லியிருக்கு?"

"செப்டம்பர் ஒண்ணு."

"வக்கீல்கிட்ட சொல்லிட்டியா?"